தாழியின் உட்புறம்

தஸ்மியாவுக்குத் தன் முதல் பிள்ளை எந்த இடத்தில் கிடக்கிறது என்று தெரியாது. மேலப்பாளையத்து மையவாடியில் அடக்கியிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். எங்கள் தெருப் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்த ஒரே ஆள் அவளுடைய மாமனார் சேக் முகம்மது. அவரிடம் கேட்டால், "ஓரமா வச்சிருக்கும்மா. அல்லா பாத்துக்கிடுவான்" என்பார். எந்த ஓரம் என்று அடுத்த கேள்வி வந்தால் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவார். பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவு நேரம் இருந்தாலும் சரிதான்.

கைலிக் கடை வைத்து வாயாலேயே பிழைத்த மனிதர் அவர். சாயம் போகிற கைலியைக் கூட, "சாயம் போனாத்தாம்வே ஒரிஜினல்" என்று சொல்லி விற்றுவிடுவார். மீன்காரியிடம் அவர் பேரம் பேசுவதைக் கேட்க நாங்கள் வாசலுக்கு வந்து நிற்போம். அப்படிப்பட்டவர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊமையாகிப்போனது வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

ஆற்றில் அந்தப் பெரிய வெள்ளம் வந்த டிசம்பரில்தான் அது நடந்தது. தஸ்மியாவுக்கு அப்போது எட்டு மாதம். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் அசைவு நின்றுபோயிற்று. மாமியார் மஹ்மூதா பீவி அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஆண் பிள்ளை, உயிரில்லாமல் பிறந்தது. அதற்குள் ரோடெல்லாம் தண்ணீர். கரண்டு இல்லை, போன் இல்லை. தஸ்மியா மயக்கத்தில் கிடந்தாள். அவளை விட்டு மாமியார் நகர முடியாது. புருஷன் அம்மார் ஷார்ஜாவில் இருந்தான். பிள்ளையை ஒரு துண்டில் சுற்றி சேக் முகம்மதுவின் கையில் கொடுத்தார்கள். அவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனார். மறுநாள் வெறுங்கையோடு திரும்பி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தார். தஸ்மியாவுக்கு நினைவு தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாரும் பார்க்கவில்லை.

அதிலிருந்து மழை பெய்தால் அவளுக்கு உறக்கம் கிடையாது. எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "அங்கன தண்ணி நிக்குமா மாமி? நனைஞ்சுல்லா கெடப்பான்?" என்று கேட்பாள். மஹ்மூதா பீவி முதலில் ஏதேதோ சமாதானம் சொல்லிப் பார்த்தாள். பிறகு பதில் சொல்வதை விட்டுவிட்டு யாசீன் ஓத ஆரம்பித்துவிடுவாள். ஓதுகிற சத்தமும் மழைச் சத்தமும் சேர்ந்து கேட்கும் எங்களுக்கு.

இப்போது தஸ்மியா மறுபடி ஏழு மாதம். பிள்ளைப்பேற்றுக்கு அழைத்துப் போக ஏர்வாடியிலிருந்து அவளுடைய உம்மா வந்தாள், பலகாரமெல்லாம் சுமந்துகொண்டு. "மொதப் பிள்ள எங்கன, எப்படிக் கெடக்குன்னு தெரியாம நான் ரெண்டாவதப் பெக்க வரமாட்டேன்" என்று சொல்லி உம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சோறும் பாதி வயிற்றுக்குத்தான். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டுத் திட்டினாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்றவள் கேட்கிற கேள்விதானே அது.

அம்மார் ஷார்ஜாவில் பல் செய்துகொண்டிருந்தவன். வாயைக் கருவியால் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் பல்லை உருவாக்கி, இயந்திரத்தில் எடுக்கிற வேலை. வெள்ளத்துக்குப் பிறகு லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. தெரிந்த வேலையை நம்பி, வீட்டின் முன்னறையில் ஒரு ஸ்கேனரும் ஆளுயர அச்சு இயந்திரமுமாக உட்கார்ந்தான். கொஞ்ச நாளில் ஆற்றங்கரைப் பரம்பில் நடக்கிற அகழாய்விலிருந்து ஆள் வந்தது. தோண்டி எடுக்கிற முதுமக்கள் தாழிகளைப் போலவே அச்சு அசலாக இன்னொன்று செய்ய வேண்டும், கண்காட்சியில் பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கு. அசலை யாரும் தொடக் கூடாது, அது இடத்தை விட்டு நகரவும் கூடாது. அம்மார்தான் ஸ்கேனரை முதுகில் கட்டிக்கொண்டு பைக்கில் போவான். தாழி அங்கேயே இருக்கும். அதன் வடிவம் மட்டும் லேப்டாப்பில் ஏறி மேலப்பாளையத்துக்கு வரும்.

அச்சு இயந்திரம் தின்பது செங்கல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நூல். அது உருகி, இழை மேல் இழையாகப் படிந்து பானையாக எழும்பும். "தாத்தா தறியில நூல் போட்டாரு, பேரன் பானையில நூல் போடுதான்" என்று தெருவில் கேலி பேசினார்கள். வீடு முழுக்க உருகிய பிளாஸ்டிக் வாடை. பகலும் ராத்திரியும் அந்த அறையில் யாரோ நாக்கால் உச்சுக் கொட்டுவது போல ஒரு சத்தம்.

பானையின் தோள் உள்பக்கமாக வளைகிற இடத்தில் இழை சரிந்து விழாமல் இருக்க, இயந்திரமே உள்ளே மெல்லிய கம்பிகளாக முட்டுக் கொடுத்துக்கொண்டு போகும். கான்கிரீட் போடும்போது சாரத்துக்கு முட்டுக் கொடுப்பார்களே, அது மாதிரி. பானை முடிந்ததும் வாய் வழியாகக் கையை விட்டு அந்த முட்டுகளை ஒடித்து எடுக்க வேண்டும். அம்மாரின் கை நுழையாது. தஸ்மியாவின் கை சின்னது. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு அவள்தான் ஒடிப்பாள். வேலை செய்கிறபோது கொஞ்சம் முகம் தெளிவாக இருக்கிறாள் என்றுதான் அம்மாரும் விட்டான்.

மஹ்மூதா பீவிக்கு அது பொறுக்கவில்லை.

"மாசமா இருக்க பிள்ள கையில மையத்துப் பானையக் குடுக்கியே, ஒனக்குப் புத்தி இருக்காலே?"

"உம்மா, இது பிளாஸ்டிக்கு. நம்ம வீட்டு வாளி மாதிரி."

"வாளிக்குள்ள யாரும் மையத்த வச்சிப் பொதைக்க மாட்டாவ."

"அது மண்ணுத் தாழிலதான் வச்சாவ. இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. வெறுங்காத்து."

"வெறுங்காத்துன்னா அவ எதுக்குலே அதுக்குள்ளயே பாத்துக்கிட்டு இருக்கா?"

அது உண்மைதான். ஒரு பெரிய தாழியை ஸ்கேன் செய்து கொண்டுவந்திருந்தபோது, திரையில் அது தானாகச் சுற்றிக்கொண்டிருப்பதை தஸ்மியா வெகுநேரம் பார்த்தாள். "உள்ள போய்ப் பாக்க முடியுமா மச்சான்?" என்று கேட்டாள். அம்மார் திரையை உருட்டித் தாழிக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். நான்கு பக்கமும் இருண்ட சுவர், உச்சியில் வட்டமாக வெளிச்சம். "மூடி போட்டா இதுவும் தெரியாது, இல்லியா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குள்ள மழைச் சத்தம் கேக்குமா?" என்றாள். அம்மார் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய் நின்றான்.

சேக் முகம்மது அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவே மாட்டார். வாசலைக் கடக்கும்போது கூட முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவார்.

"உருவம் செய்யது நமக்கு ஆவாதுலே" என்றார் மகனிடம்.

"பானைக்கு ஏது வாப்பா உருவம்? கண்ணு மூக்கா இருக்கு?"

"ஆவாதுன்னா ஆவாது. ஒண்ணுக்கு ஒம்பது கேள்வி கேக்காத."

கடையில் கைலி அட்டைக்கு அட்டை நடிகை படம் ஒட்டி விற்ற மனிதருக்குத் திடீரென்று இவ்வளவு மார்க்கப் பற்று எங்கிருந்து வந்தது என்று டீக்கடையில் சிரிப்பாகப் போயிற்று. வேறு காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு நாள் அம்மார் பரம்புக்குப் போனான். செம்மண்ணும் சரளையுமான மேடு அது. பனையும் உடைமரமும் தவிர ஒன்றும் நிற்காது. கீழே வாழைத் தோட்டம், அதற்கப்பால் ஆறு. குழிகளுக்குப் பொறுப்பு பியூலா. வள்ளியூர்க்காரி, தொல்லியல் படித்தவள். வெயிலிலும் தூசியிலும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல் அவளுக்கு.

"தம்பி, இன்னைக்கு சின்னத் தாழி. கொடம் அளவுதான் இருக்கு. உள்ள மண்ணு அடைச்சிருக்கு. நான் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கேன், ஒவ்வொரு தடவையும் நீங்க பிடிச்சிருங்க. எடுத்தா எடுத்ததுதான், திரும்ப அதே மாதிரி வைக்க முடியாது பாத்துக்கிடுங்க."

வெயில் பட்டால் ஸ்கேனருக்குக் கண் கூசும். தார்ப்பாய்க்குக் கீழே கறுப்புக் குடையையும் விரித்துப் பிடித்தார்கள். பியூலா மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் மண்ணைக் கிளறி எடுத்தாள். முதல் தடவை வெறும் மண். இரண்டாம் தடவை அம்மார் கருவியைத் தாழியின் வாய்க்கு மேலே பிடித்துப் பைய ஓட்டியபோது, மண்ணுக்கு நடுவே உருண்டையாக ஒன்று திரையில் எழும்பியது. தேங்காய்ச் சிரட்டையை விடச் சின்னது. அதை ஒட்டி, மடக்கி வைத்த மெல்லிய குச்சிகள்.

"பச்சப் பிள்ள" என்றாள் பியூலா. குரலைத் தணித்துத்தான் சொன்னாள். "பெறந்து ஒரு மாசம் இருந்திருந்தாப் பெருசு."

அம்மார் திரையை விட்டுவிட்டுத் தாழிக்குள் எட்டிப் பார்த்தான். கருவி தடம் தொலைத்துக் கீச்சென்று கத்தியது.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. இம்புட்டுச் சின்னதாவா இருக்கும்?"

"தலை மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கும். மத்ததெல்லாம் அம்புட்டுத்தான். பைய பிடிங்க, அவசரமில்ல."

அவன் பைய பிடித்தான். வேலைக்குத் தேவையானதை விட அதிக நேரம் பிடித்தான். தன் பிள்ளையும் இவ்வளவுதான் இருந்திருக்கும் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் கண்ணால் தெரிந்தது. பிறகு பியூலா எலும்புகளைப் பஞ்சில் எடுத்துப் பெட்டியில் வைத்தாள். காலியான தாழியின் உட்புறத்தை அவன் மூன்றாம் தடவையாகப் பிடித்தான்.

"கண்காட்சிக்குக் காலிப் பானை போதும் தம்பி. பள்ளிப் பிள்ளைங்க வந்து பாக்க எடம். நடுவுல பிடிச்சது எங்க ஆய்வுக்கு மட்டும்."

"சரிக்கா. இம்புட்டு மேட்டுல கொண்டாந்து வச்சிருக்காவளே?"

"தண்ணி ஏறாத எடமாப் பாத்திருக்காவ. அந்த வெள்ளத்துல கீழ வாழை பூரா முங்கிப் போச்சு. இங்கன ஒரு சொட்டு நிக்கல."

அம்மாருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. அன்றைக்கு ஒறட்டியும் கறி ஆணமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தாழிக்குள் பிள்ளை இருந்ததை மறைத்துவிட்டான். ஏதோ தானியம் போட்டு வைத்த பானை என்று சொன்னான். ஆனால் மேட்டைப் பற்றிச் சொல்லிவிட்டான்.

"அந்த வெள்ளத்துலயும் ஒரு சொட்டு ஏறலியாம். செத்தவங்களுக்குன்னு அப்படி எடம் பாத்திருக்காவ."

தஸ்மியா ஒறட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள்.

"அவங்க பிள்ளைங்களுக்கெல்லாம் நனையாத எடமாப் பாத்து வச்சிருக்காவ. என் பிள்ளைக்கு யாரு எடம் பாத்தா?"

யாரிடம் கேட்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். சேக் முகம்மது தட்டிலேயே கையைக் கழுவினார். பாதி ஒறட்டி அப்படியே கிடந்தது.

"ஏளா, பெரியவங்கள அப்படிப் பேசாத" என்றாள் மஹ்மூதா பீவி.

"நான் ஒண்ணும் வையல மாமி. எந்த எடம்னு சொல்லச் சொல்லுதேன். இங்கனதான் வச்சேன், இப்படித்தான் வச்சேன்னு ஒரு வார்த்த. அது கூடவா எனக்கு இல்ல?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பள்ளிவாசல் அந்நேரம் பூட்டியிருக்கும்.

மறுநாள் அம்மார் தாழியை அச்சுக்குத் தயார் செய்தான். வெளிப்புறத்தைத் தனியாகவும் உட்புறத்தைத் தனியாகவும் பிடித்ததைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். பல் செய்கிறவனுக்கு விளிம்புதான் உயிர். பல்லின் விளிம்பு ஈறோடு சேருகிற கோடு சரியாக இருந்தால் போதும், உட்புறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை, சிமெண்டு வைத்து அடைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் அவன் கையில் ஊறிப்போயிருந்தது. தாழியின் வாய் விளிம்பு பிசகாமல் பொருந்துகிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பொருந்தியது. காலித் தாழி என்று நினைத்து அவன் சேர்த்தது, நடுவில் பிடித்ததை. ராத்திரி முழுக்கத் தூங்காத கண் வேறு.

இயந்திரம் உச்சுக்கொட்ட ஆரம்பித்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அடிப்பாகம் எழும்பும்போது அம்மார் எட்டிப் பார்க்கத்தான் செய்தான். முட்டும் அதே செங்கல் நிறம், எலும்பும் அதே செங்கல் நிறம். புதருக்குள் கல் கிடப்பது தெரியாதது போல அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தாழி வளர்ந்து தோள் திரும்பி வாய் குறுகி வந்தது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து தஸ்மியா வளையலைக் கழற்றி வைத்தாள். முக்காலியில் உட்கார்ந்து தாழியைப் பக்கத்து ஸ்டூலில் நிறுத்தி, கனத்த வயிறு இடிக்காமல் சாய்ந்துகொண்டு கையை உள்ளே விட்டாள். முட்டுகள் முறுக்குப் போல ஒடிந்து வந்தன. மேலே இருந்தவற்றை எடுத்துவிட்டு முழங்கை வரை இறக்கினாள். அடியில் ஒன்று ஒடியவில்லை. பிளாஸ்டிக் கட்டி தட்டியிருக்கும் என்று விரலால் தடவினாள். உருண்டையாக இருந்தது. உருண்டைக்கு முன்பக்கம் இரண்டு குழி. கீழே வரிவரியாக விலா.

அவள் கூச்சல் போடவில்லை. போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கையை மறுபடி உள்ளே விட்டு அந்த உருண்டையின் மேல் வைத்துக்கொண்டாள்.

தேத்தண்ணியோடு வந்த மஹ்மூதா பீவிக்கு மருமகள் உட்கார்ந்திருந்த விதமே சரியாகப் படவில்லை.

"ஏளா, என்ன? மேலுக்கு முடியலியா?"

"மாமி, உள்ள பிள்ள இருக்கு."

"யா அல்லா! என்ன பேச்சு பேசுத? பிஸ்மி சொல்லு, பிஸ்மி சொல்லு" என்று அவள் நெற்றியில் கையை வைத்தாள். சூடு இல்லை. பிறகு குனிந்து பார்த்தாள். பார்த்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "லே அம்மாரே, ஓடி வாலே! வீட்டுக்குள்ள எதக் கொண்டாந்து வச்சிருக்க?" என்று அலறினாள். தெருவே கேட்டது.

அம்மார் ஓடிவந்து பார்த்தான்.

"மாத்திச் சேத்துட்டேன். காலியாப் பிடிச்சதுன்னு நெனச்சு... இது நெசம் இல்ல தஸ்மியா. வெறும் அச்சு."

"அப்பம் நெசம் ஒண்ணு இருக்கு."

"இருந்துச்சு. மூவாயிரம் வருசத்துக்கு முந்தி."

"தானியம்னு சொன்னிய?"

"ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன் நான்?"

"இந்த வீட்டுல எல்லாரும் எங்கிட்ட அப்படித்தான்" என்றாள் தஸ்மியா. கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் அம்மாரைக் கொன்றது.

கெட்டுப்போன அச்சுகளை அவன் ரம்பத்தால் துண்டு போட்டுச் சாக்கில் கட்டி வைப்பது வழக்கம். இதையும் கண்ணில் படாமல் ஆக்கிவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரே வெறி. தாழியை அவள் பக்கத்திலிருந்து பிடுங்கித் தரையில் வைத்து, முழங்காலால் அணைத்துக்கொண்டு, தோளில் ரம்பத்தை வைத்தான். "வெட்டி வெளிய போடுலே, மொதல்ல வெளிய போடு" என்று உம்மா கத்தினாள். தஸ்மியா, "வேண்டாம் மச்சான், வேண்டாம்" என்றாள். ரம்பம் கறகறவென்று ஓர் இழுப்பு இழுத்தது.

"வெட்டாதலே."

சேக் முகம்மது வாசலில் நின்றார். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து வந்திருக்கிறார். அந்த அறைக்குள் கால் வைக்காத மனிதர் உள்ளே வந்து, மகனின் கையை ரம்பத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாத. உள்ள ஆள் இருக்கு."

"வாப்பா, இது பிளாஸ்டிக்கு வாப்பா."

"எனக்குத் தெரியும்லே. வெட்டாத."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாழியைப் பார்க்காமல், தஸ்மியாவையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மையவாடில முட்டளவு தண்ணி. குழி வெட்டுதவன் வரல. பாங்கு சொல்லுத மோதினாரு வீட்டுக்குள்ள தண்ணி ஏறி அவரு மாடில நிக்காரு. பிள்ளைய வீட்டுல வச்சி நானே குளுப்பாட்டுனேன். பெருநாளைக்கு எடுத்த வேட்டியக் கிழிச்சுக் கஃபன் துணியாச் சுத்துனேன். கொண்டுபோயி மம்பட்டியப் போட்டா, ரெண்டு வெட்டுக்கு ஊத்து மாதிரி தண்ணி பொங்குது. இந்த எடம் ஆவாதுன்னு அடுத்த எடத்துல வெட்டுனேன். அங்கனயும் தண்ணி. சரி, அல்லா மேல பாரத்தப் போட்டு வச்சிருவோம்னு எறக்குனா..."

அவர் நிறுத்தினார்.

"எறக்குனா மெதக்குதும்மா. துணியோட மெதக்குது. மண்ணப் போட்டா மண்ணு கரையுது, பிள்ள மேல வருது. நான் என்ன செய்வேன்? தூக்கிக்கிட்டுத் திரும்ப வீட்டுக்கு வந்தேன். அடுக்களைல பானை இருந்துச்சு."

மஹ்மூதா பீவி வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவூர்ச்சத்திரத்துல வாங்குன பானையா? வெள்ளத்தோட போச்சுன்னுல்லா நான் இருந்தேன்."

"நாந்தான் கொண்டு போனேன். தண்ணியக் கொட்டிட்டு, துடைச்சு, அதுக்குள்ள வச்சேன்." அவர் முதல் தடவையாகத் தாழியைக் கையால் காட்டினார். "இவன் இந்தக் கழுதைய அச்சடிக்க ஆரம்பிச்ச நாள்லருந்து எனக்கு ஒறக்கம் இல்ல. இந்த உச்சுக்கொட்டுத சத்தம் கேட்டா எம்பேரன் கூப்பிடுத மாதிரி இருக்கு. இன்னைக்குப் பிள்ளையோடயே வந்து நிக்கி."

"பள்ளிவாசல் ஆலிம்சாட்ட கேட்டிருக்கலாம்ல வாப்பா? தண்ணி ஊறுத எடம்னா பெட்டில வச்சி அடக்கலாம்னுல்லா சொல்லுதாவ" என்றான் அம்மார்.

"கேட்டு, கூடாதுன்னு சொல்லிட்டாவன்னா? தோண்டி எடுன்னு சொல்லிட்டாவன்னா? பயந்து வாய மூடிக்கிட்டேன். பொறவு ஜமாஅத்துல லாரி லாரியா மண்ணடிச்சு மையவாடிய மேடாக்கிட்டாவ. வேப்ப மரத்துக்கும் மதிலுக்கும் நடுவுல எங்கனயோ. இப்பம் எனக்கே எடம் தெரியல. எந்த மொகத்தோட சொல்லுவேன்?"

தஸ்மியா முக்காலியிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மஹ்மூதா பீவி தாங்கிப் பிடிக்க வந்தாள். அவள் வேண்டாம் என்று கையசைத்தாள்.

"எப்படி வச்சிய மாமா?"

"வலப்பக்கமாச் சாச்சு வச்சேன். மொகம் மேக்க கிப்லாவப் பாத்து. பானைய அதுக்குத் தக்கன படுக்கப் போட்டேன். காலத்தான் நீட்ட முடியல. மடக்கி வச்சேன். அது ஒண்ணுதான் கொறை."

"வயித்துக்குள்ளயும் மடக்கித்தான் கெடந்தான்" என்றாள் தஸ்மியா. "மூடி?"

"போட்டேன். களிமண்ணக் கொழச்சு மூடியச் சுத்திப் பூசுனேன், ஒரு பொடி எடம் விடாம. எனக்குத் தெரிஞ்ச துஆவெல்லாம் ஓதுனேன்."

"பொறவு?"

அவர் வலது கையை இடது கையால் மறைத்துக்கொண்டார்.

"பொறவு என்ன மாமா? சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுவேன்."

"பானையும் மெதந்துச்சும்மா. குழிக்குள்ள வச்சா, தண்ணியில அது மேல மேல வருது. ஒரு கையால அமுக்கிக்கிட்டே மத்தக் கையால மண்ணப் போட்டேன். கைய எடுத்தா வந்துரும். எம்புட்டு நேரம் அமுக்கிக்கிட்டு நின்னேன்னு எனக்கே தெரியாது. மேல மண்ணு கனத்து நின்ன பொறவுதான் எடுத்தேன். எம்பேரப்பிள்ளையத் தண்ணிக்குள்ள அமுக்குன கை இது. ரெண்டு வருசமா இந்தக் கையாலதான் சோறு திங்கேன். நீ எடத்தக் கேக்கும்போதெல்லாம் இதுதான் என் கண்ணு முன்னால நிக்கி."

மழைத் தண்ணீர் ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. அம்மார் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். தஸ்மியா மட்டும் நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரைக்கும் மெதந்துச்சா மாமா?"

"கடைசி வரைக்கும்."

"கனம் கூடலியா? முங்கப் பாக்கலியா?"

"இல்லம்மா. கைய எடுத்தா மேலதான் வரும். அதான சொல்லுதேன்."

"அப்பம் உள்ள தண்ணி போவல."

சேக் முகம்மது அவளைப் பார்த்தார்.

"ஒரு செம்புத் தண்ணி போயிருந்தாக் கூட கனத்திருக்கும்லா மாமா? முங்கியிருக்கும்லா? மெதந்துச்சுன்னா உள்ள காஞ்சுதான இருந்திருக்கு?"

இரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தப் பானையை மனசுக்குள் அமுக்கிப் பார்த்தவர், இப்படி ஒரு தடவை கூட நினைத்ததில்லை.

"மாமி" என்று தஸ்மியா திரும்பினாள். அழுகையும் சிரிப்புமாக அவள் முகம் கோணிக்கொண்டு போயிற்று. "மாமி, என் பிள்ள நனையல."

சேக் முகம்மது சின்னப் பிள்ளை போல வாய்விட்டு அழ ஆரம்பித்தார். தஸ்மியா அவர் மறைத்து வைத்திருந்த கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அழாதிய மாமா. என் பிள்ளைய நல்லாத்தான் வச்சிருக்கிய."